இறுவட்டு 4417

என்னுடைய படச் சீடிகளை மறுப்பில்லாமல் விழுங்குகிறது.
நூலகத்தினதை மட்டும்
நாக்கில் உருட்டிப் பார்த்துவிட்டு
வெளியே தள்ளுகிறது.

"உப்புக் காத்து" என்றான் றிஸ்மின்.
திருகோணமலையில் எது பழுதானாலும்
முதலில் கடலைத்தான் பிடிப்பார்கள்.

லென்சைப் பஞ்சால் ஒற்றினோம்.
நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தோம்,
வட்டமாய்த் துடைக்கக் கூடாதாம்.
ஏழாம் பாடத்தில் சிங்களப் பெண்குரல்
மகே நம, மகே நம, மகே
பெயரைச் சொல்லாமலே நின்றுபோயிற்று.

மேசை அதிர்ந்தது.
தேத்தண்ணிக் கோப்பைக்குள் வளையம் வளையமாய்.
டொக்யார்ட் வீதியில் அந்நேரம் லொறியே இல்லை.

அப்போதுதான் கண்டேன்:
முகத்தில் ஒரு பக்கமாய் ஒட்டிய வெள்ளைக் கடதாசி,
அதில் நூலகத்தின் எண்.
நகமளவுதான்.
சுழல்கிற வேகத்தில் அந்த நகம்
முழுத் தட்டையும் தன் பக்கம் இழுக்கிறது.

ஈரத்துணி வைத்து உரித்தேன்.
பெட்டி சத்தமில்லாமல் வாசித்தது.
அவளுக்குப் பெயர் சமன்மலி.
ஊர் மாத்தறை. இரண்டு தம்பிமார்.
முப்பதாம் பாடம்வரை நிற்காமல் பேசினாள்.

இப்போது பயம் வேறு.
நாளைக்குப் புவிராணி மிஸ்
தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இது எங்கடை இல்லையே" என்பா.

உரித்த கடதாசி தண்ணீரில் கூழாகிவிட்டது.
எண்ணை உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறேன்.
கை வியர்க்கிறது.