சதுப்பு முடியும் இடம்

பிறப்பில் நான் ஸ்மித்.
ப்ரெஸ்டன் தொலைபேசிப் புத்தகத்தில்
பதினோரு பக்கம் ஸ்மித்துகள்.
ஒருவரையும் தெரியாது.

ஜெஃப்ரியைக் கட்டிய அன்று
பதிவேட்டில் எழுதினேன்: மாஸெண்டர்.
குளிர்நீரில் கால் வைப்பவள்போல
பேனா ஒருகணம் தயங்கியது.

எங்கள் பக்கம் மாஸ் என்றால் சதுப்பு.
எண்டு, அது முடியும் இடம்.
"எந்த ராபர்ட்?" என்று பண்ணைக் குமாஸ்தா கேட்டபோது
அவன் வாய் திறக்கவில்லை.
பின்னால் நின்ற யாரோ சொன்னான்:
"சதுப்பு முடியுற எடத்துல கெடக்கானே, அந்த ராபர்ட்."
பன்றியை அவிழ்த்துவிட்ட குற்றம்.
அபராதம் இரண்டு பென்னி.
ஏட்டில் ஏறிவிட்டது பெயர்.

பிறகு நானூறு வருஷம்
நான்கு மைல் தாண்டவில்லை அது.
ஞானஸ்நானத்துக்கு ஞானஸ்நானம்
ஒரு எழுத்துக் கூடும், ஒரு எழுத்துக் குறையும்,
பாதிரியாரின் காது எப்படியோ அப்படி.

சதுப்பை வடித்தார்கள்.
உருளைக்கிழங்கு போட்டார்கள்.
முடிவதற்கு அங்கே ஒன்றுமில்லாமல் போக
பெயர்
பெயர்ந்தது.

ஒருவன் போல்டன் பஞ்சாலைக்கு.
ஒருவன் ஆடு திருடி
அரசாங்கச் செலவில் ஹோபார்ட்டுக்கு.
நோவா ஸ்கோஷியாவில் இறங்கியவனைத்
துறைமுக எழுத்தன் மாஸிந்தர் ஆக்கினான்;
அங்கே இப்போது நாற்பது பேர், ஏழு மீன்படகு,
ஒரு பல்மருத்துவர்.

இதையெல்லாம் ஜெஃப்ரி
மிச்சமான வால்பேப்பரின் பின்பக்கம் வரைந்தான்.
சமையலறை மேசை போதவில்லை.
கிளைகள் ரொட்டிப் பெட்டிமேல் ஏறி இறங்கின.
எங்களுக்குக் கீழே மட்டும்
ஒரு சின்னக் கோடு, பென்சிலால்.
மற்றதெல்லாம் மை.

பதினாறாம் வருஷம் அவன் போனான்,
ஸ்டாக்போர்ட்டில் ஒருத்தியிடம்.
அவள் அப்பாவின் பெயிண்ட் கடைக்கு
வாரிசு வேண்டியிருந்தது.
கடைப் பலகையில் இருந்த பெயரையே
இவனும் பூசிக்கொண்டான்.
வால்பேப்பர் சுருளை
என் துடைப்பத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனான்.

"பழைய பெயருக்குத் திரும்புகிறீர்களா?"
வக்கீல் கேட்டார். ஒரு டிக் போதுமாம்.
பதினோரு பக்கத்தை நினைத்தேன்.
வேண்டாம் என்றேன்.

இன்று இந்த வட்டாரத்தில்
ஒரே மாஸெண்டர் நான்தான்,
ஒரு சொட்டு ரத்தமும் இல்லாதவள்.
ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டியலைப் பார்த்து
"மாஸ்... மாசா..." என்று தடுக்கும்போதே
எழுந்துவிடுவேன்.

போன டிசம்பரில் பல்மருத்துவர் கார்டு அனுப்பினார்,
பனியில் ஒரு படகு.
நம் குடும்பத்து வளைந்த மூக்கு
உங்களுக்கும் உண்டா என்று கேட்டிருந்தார்.

உண்டு என்று எழுதினேன்.
தபால்தலையை நக்கி ஒட்டிவிட்டுத்தான்
கண்ணாடிக்குப் போனேன்,
பக்கவாட்டில் திரும்பி நின்றேன்.