நாலு இஞ்சு

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
கறுப்பு. இரண்டு மூக்கு, ஒரு பிளக்.
வேக்குவம் வால்வு என்றான்.
இப்போது என் சட்டைப் பையில் கிடக்கிறது,
டூட்டி நோட்டுக்கும் பீடிக்கட்டுக்கும் இடையில்.

குலசேகரம் ஒர்க்‌ஷாப்பில்
பானெட்டுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு
சுஜின்தாஸ் சொன்னது:
"இதாக்கும் அண்ணே வண்டிக்கக் கழுத்த நெரிக்கியது.
கழத்தி எறியணும். குழாயை நேரா குடுத்தா
டர்போ முழுசும் ஒமக்கு.
பேச்சிப்பாறை ஏத்தம் மூணாம் கியரில போவலாம்."

டயர்மேல் குந்தியிருந்த அவன் மச்சான் பெனடிக்ட்
சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டான்:
"அப்பம் கம்பெனிக்காரன் மண்ட இல்லாமலா வச்சான்?"
"அவனுக்குப் பொகைக்குப் பயம்டே."
"ஒனக்கு?"
சுஜின்தாஸ் ஸ்பேனரைத் தேடினான்.

நெய்யாற்றின்கரையில் வாங்கிய வண்டி.
மூன்றாவது ஓனர் நான்.
பகலில் ஆஸ்பத்திரி ஓட்டம்;
ஏற்றத்தில் டயாலிசிஸ்காரர்
"எறங்கித் தள்ளட்டா?" என்று கேட்ட அன்றைக்கு
இரவு சாப்பாடு இறங்கவில்லை.

நேராகக் கொடுத்தே பார்த்தோம்.
திற்பரப்பு தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவில்
மிதித்ததும்
வண்டி என்னைக் கேட்காமல் ஓடிற்று.
பொய் சொல்ல மாட்டேன், நன்றாயிருந்தது.
ஐம்பத்தோரு வயசில்
முதுகு போய் சீட்டோடு ஒட்டியது.
பால் வாளியோடு நின்ற பெண்
விசில் யார் அடித்தது என்று திரும்பிப் பார்த்தாள்.

அரை கிலோமீட்டர்.
அப்புறம் மஞ்சள் விளக்கு.
அப்புறம் ஒரு இருமல்.
அப்புறம் ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது,
பின்னால் பலாப்பழம் கட்டி.

"கம்ப்யூட்டர் பயந்துட்டு" என்றான் சுஜின்தாஸ்.
"அதையும் மாத்தி எழுத நாரோயில்ல ஆளுண்டு."
எழுதினபிறகு?
"கிளட்ச் கொஞ்சம் பெலமா போடணும்."
போட்டபிறகு?
அவன் பதில் சொல்லுமுன்
பெனடிக்ட் வால்வை எடுத்து என் பையில் போட்டான்.

ராத்திரி எனக்குச் சானலில் ஷட்டர் டூட்டி.
பதினோரு வருஷமாய்த் தினக்கூலி.
கடைவரம்புக்குத் தண்ணீர் எட்டாவிட்டால்
ஏச்சு எனக்குத்தான்.
"அந்த ஷட்டரைப் பிடுங்கி எறியுங்கள்"
என்று எழுதின மனுவை
ஓவர்சியர் எனக்கே வாசித்துக் காட்டினார்.
கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர்
என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

ஒரு வருஷம் பிடுங்கியும் எறிந்தார்கள்.
அன்றிரவு தண்ணீர் எல்லா இடத்துக்கும் போனது:
கரையை அறுத்து வாழைக்குள்,
ஏசுவடியாள் அடுக்களைக்குள்,
ரேஷன் கடை அரிசிக்குள்.
கடைவரம்புக்கு மட்டும் போகவில்லை.

ஒன்றரை மணிக்கு போன்:
"நாலு இஞ்சு எறக்கு."
ஏன் என்று நான் கேட்டதில்லை.
அணையில் என்ன மட்டம், மலையில் என்ன மழை,
அது அங்கே இருப்பவர்களுக்கு.
சக்கரத்தைச் சுற்றினேன். இறக்கினேன்.
தண்ணீரின் சத்தம் ஒரு சுருதி குறைந்தது.

பிறகு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வால்வை எடுத்து ஒரு மூக்கில் ஊதினேன்.
போகவில்லை. நாக்கில் எண்ணெய்க் கசப்பு.
கரண்டு வந்து சொன்னால்தான் திறக்குமாம்.
நானும் அப்படித்தானே என்று
நோட்டில் எழுதத் தோன்றியது. எழுதவில்லை.
எனக்குச் சம்பளம் பாக்கி உண்டு,
கோபம் உண்டு,
இறக்காமலும் இருந்திருக்கலாம் நான்.

கரையில் நின்ற வண்டியின் பானெட்டைத் திறந்தேன்.
வளைவில், கிளிப்புக்குக் கீழே,
குழாயில் மயிரளவு வெடிப்பு.
முந்தியே இருந்ததா,
எங்கள் பிடுங்கலில் வந்ததா,
டார்ச் வெளிச்சத்துக்குத் தெரியவில்லை.

விடியுமுன் சுஜின்தாஸுக்கு போன் போட்டேன்.
"எறியவா, மாட்டவா அண்ணே?"
"மொதல்ல பத்து ரூபாக் குழாயை மாத்து."
"அப்பம் ஏத்தம்?"
பதில் சொல்லாமல் வைத்தேன்.
அந்த அரை கிலோமீட்டர்
இன்னும் முதுகில் இருந்தது.

பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன்.
வால்வு சூடாக இருந்தது.
என் சூடுதான்.