தலைகீழாக ஒரு வரி

பொட்டோருவில் மழை பிடித்துக்கொண்டால்
கோட்டுக்கு அளவு கொடுக்க ஆள் வராது.
வாண்டி அப்போதுதான் பாக்கி நோட்டைப் பிரிப்பான்.
வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கம் நகரும் எழுத்து,
கி, கா, கு என்று
மெண்டே வாய்க்கென்றே அளவெடுத்து வெட்டிய எழுத்து.
அதில் இருந்தது ஊரின் இடுப்பளவு,
ஊரின் கடன்.

போ நகரத்துப் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு
அது கோழி கிளறிய மண்.
குடிசை வரிக்கு வந்த துரை ஒருமுறை
நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பிறகு மேசைமேல் வைத்தான்,
சூடான எதையோ வைப்பதுபோல்.

எதிரில் உட்கார்ந்து காஜா எடுப்பவள் டென்னே.
பதினோரு வருஷமாக எதிரிலேயே.
யாரும் சொல்லித்தரவில்லை,
பார்த்துப் பார்த்தே எழுத்து வந்தது.
தலைகீழாக வந்தது.
நோட்டை நேராகப் பிடித்தால் ஓரெழுத்தும் புரியாது அவளுக்கு.
அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதே
வாண்டிக்குத் தெரியாது.

ஓடக்காரன் ஜுசு செத்துப்போனான்.
மோவா ஆற்றில் ஊரையெல்லாம் அக்கரை சேர்த்தவன்.
ஆண்பிள்ளைக்கு நாலாம் நாள்:
சோறு ஆக்கிவைத்து
செத்தவனை ஆறு கடத்துவார்கள்.
அதற்கும் முன்னால், உடம்பு மண்ணுக்குப் போகுமுன்,
கூட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்:
இவன் யாருக்காவது தர வேண்டியது உண்டா?
பாரம் மிஞ்சினால் ஓடம் என்னாகும் என்று
ஜுசுவுக்கா தெரியாது.

எல்லாரும் வாண்டியைப் பார்த்தார்கள்.
நீலக் கோட்டு
அந்த வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது,
இரண்டே தடவை போட்டது.
நோட்டு வந்தது.
விரல் வலப்பக்கமிருந்து ஊர்ந்தது, நின்றது.
மஸ்ஸா நின்றுகொண்டிருந்தாள், ஏழாம் மாசம்,
ஒரு கை இடுப்பில், ஒரு கை கதவு நிலையில்.

"நீலக் கோட்டு. நாலு ஷில்லிங்,"
என்று படித்தான்.
"தீர்ந்தது."

கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்த இன்னொருத்தி
குனிந்து
கால்விரலிடுக்குச் சேற்றைப் பார்த்தாள்.
அந்தத் துணி
அவள் பனையெண்ணெய் விற்ற காசு.

இரவு, அவன் குறட்டை விட்ட பிறகு,
விளக்குத் திரியை ஏற்றினாள்.
நோட்டைத் தன் பக்கமிருந்து பார்த்தாள்.
அடிக்கப்படாமல் அப்படியே கிடந்தது வரி.
அதை அவளும் அடிக்கவில்லை.
கீழே, வாழ்க்கையில் முதல் தடவையாக,
மை சிந்தி, மூச்சைப் பிடித்து, எழுதினாள்:
*நாலு ஷில்லிங். வாண்டி தர வேண்டியது. டென்னேவுக்கு.*

அந்த ஊரில் காலையில் பார்த்தால் கேட்பார்கள்,
உடம்பு எப்படி இருக்கிறது?
காய்ச்சலோ கடனோ, பதில் ஒன்றுதான்:
ஙேவோமேல் குற்றமில்லை.
நம் அரிச்சுவடியில்
எந்தச் சொல்லுக்கும் தலையாக வாய்க்காமல்
சும்மா நிற்கிறதே ங,
அங்கே அது கடவுளின் முதலெழுத்து.

மழை விட்டிருந்தது.
வாண்டி வாசலில் நின்றான்,
நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.
உள்ளே ஊசியில் நூல் கோக்கும் சத்தம்கூட இல்லை.
தெருவில் போன லஹாய் கேட்டான்,
உடம்பு எப்படி?

ஙேவோமேல், என்றான் வாண்டி.
மிச்சத்தைச் சொல்ல
கொஞ்சம் நேரமானது.