பதினேழாம் எண் தலை

ரோலா பஸ் நிறுத்தத்தில்
சூப்பர்மார்க்கெட் பைக்குள் உன்னை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
பை சின்னது. நெற்றி வெளியே தெரிகிறது.
பக்கத்தில் நின்ற பெஷாவர்க்காரர் பார்த்தார்,
திரும்பிக்கொண்டார்,
மறுபடி பார்த்து
அஸ்தஃபிருல்லா என்று இரண்டடி தள்ளி நின்றார்.

பயிற்சித் தலை, எண் பதினேழு.
நூற்று அறுபது திர்ஹம்,
கோர்ஸ் கட்டணத்தில் சேராது.
கழுத்துக்குக் கீழே நீ வெறும் ஓட்டை.
மேசை விளிம்பில் கவ்வியில் மாட்டி
உன்னைத் திருகி இறுக்கும்போதெல்லாம்
வலிக்குதா என்று கேட்டுப் பழகிவிட்டது.

ஆறு கட்டில் அறைக்கு நீ வந்த இரவு
தண்ணீர் குடிக்க எழுந்த பபித்ரா
அலறிய அலறலில் வாட்ச்மேன் மேலே வந்துவிட்டார்.
அன்று முதல் விளக்கணைத்தால்
உனக்குத் துண்டு போர்த்த வேண்டும், அது அறைச் சட்டம்.
தலைக்கும் வாடகை உண்டு என்றாள்
கட்டில்களை உள்வாடகைக்கு விடும் ஸாராம்மா.
கால்வாசி தருகிறேன் என்றேன்.
உடம்பு இல்லையே.

சனி முதல் வியாழன் வரை
பல் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன்.
முகம் தொடும் கை இப்படியா இருப்பது என்று
என் விரல் வெடிப்பைப் பார்த்து ரோவெனா மிஸ் கேட்டதிலிருந்து
வாசலின் தடவி
கிளவுஸ் போட்டுத் தூங்குகிறேன்,
ஏதோ ஆபரேஷனுக்குப் போவதுபோல.

நூலைப் பல்லில் கடித்துப் புருவம் எடுக்க
உன்னிடம் பழக முடியாது.
உன் புருவம் வரைந்தது.
அதற்கு என் கெண்டைக்கால்,
பிறகு பபித்ராவின் மேலுதடு,
அவள் கண்ணீர், என் ஸாரி.

நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:
டெவலப்பர் இருபது வால்யூம்.
காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு.
ஒரு நாள் பொறு.
சிவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

மூன்றாம் வாரம் ஷாம்பூ பாடம்.
நனைந்ததும் உன்னிடமிருந்து ஒரு வாசம் வந்தது,
பிளாஸ்டிக் வாசம் இல்லை.
பிடரியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்.
நூறு சதம் மனித முடி.
எந்த ஊர் முடி மிஸ்?
உங்கள் பக்கத்து முடியாகத்தான் இருக்கும்,
போய் கண்டிஷனர் எடுத்து வா.

விசா வந்தால் முடி தருகிறேன் என்று
வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருந்தேன்.
வந்தது. போனேன்.
டோக்கனை வாங்கிக்கொண்டவர்
பிளேடை மாற்றியபடி, நிமிராமல் கேட்டார்:
பூமுடியா, மொட்டையா?
இடுப்புக்குக் கீழே தொங்கியது அப்போது.
மொட்டை என்றேன்.
ஈரத்தோடு விழுந்ததை ஒருத்தர்
வாரியலால் கூட்டிச் சாக்கில் திணித்தார்.
என்னோடு விமானம் ஏறியது
நாலு நாள் முளை.

நீ என்னுடையது என்று சொல்ல மாட்டேன்.
அப்படியெல்லாம் நடக்க
உலகம் அவ்வளவு சின்ன ஊர் இல்லை.
ஆனால் யாருடையதோ.
பிள்ளைக்கோ, காய்ச்சலுக்கோ, கடனுக்கோ
யாரோ ஒருத்தி குனிந்துகொடுத்தது.
அதற்குப் பிறகு உனக்கு வகிடெடுக்கையில்
சீப்பின் முனை கொஞ்சம் தடுமாறுகிறது.
அதற்கு இரண்டு மார்க் போனது.

இன்று கடைசித் தேர்வு.
காதளவுக்கு வெட்ட வேண்டும்.
வெட்டினால் முளைக்காத தலை நீ.

மதிப்பெண் தாளில் முதல் வரி
வாடிக்கையாளரிடம் கேட்டல், பத்து மார்க்.
எல்லோரும் உதட்டை அசைத்துவிட்டுக்
கத்தரி எடுத்துவிட்டார்கள்.
பக்கத்து மேசையில் வாஞ்ஜிரு
பாதிப் பின்னந்தலையை முடித்தேவிட்டாள்.

தோளில்லாத உன் கழுத்தில் துணி கட்டுகிறேன்.
கண்ணாடியில் நாம் இரண்டு பேர்.
குனிந்து,
எவ்வளவு எடுக்கணும் அக்கா என்கிறேன்,
தமிழில்.

ரோவெனா மிஸ் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.
பத்து மார்க்குக்கு
இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம்
என்கிறாள்.