மாட்டுக் களிம்பு

தேங்காயெண்ணெய் சிணுங்கத் தொடங்கியதும்
அடுப்பை அணைத்துவிட வேண்டும்.
பிறகுதான் கற்பூரம்.
கொதிக்கக் கொதிக்கப் போட்டால்
மருந்து முகட்டுக்குப் போய்விடும்,
நெஞ்சுக்கு மிஞ்சாது.

கேதீசுக்கு மூன்று கிழமையாய் இருமல்.
லாங்கன்தால் பேக்கரியில் இரவு வேலை,
போறணை வாயில் பாதி, குளிரறையில் மீதி.
பகலில் குசினித் தரையில் பாய் விரித்துப் படுக்கிறான்.
அறையில் ஒன்பது மாதக்காரி.
"இரண்டு வயதுக்குள் கற்பூரம் கிட்டவும் வேண்டாம்,
வலிப்பு வரும்" என்று
மருந்துக்கடைப் பெண் இரண்டு தரம் சொன்னாள்.
கதவிடுக்கில் ஈரத் துவாய்.

வெளிவாசலுக்கு வைக்க இன்னொரு துவாய் இல்லை.
மணம் படியிறங்கி
சப்பாத்துத் தட்டுகளைக் கடந்து
நிலக்கீழ் உடுப்புத் தோய்க்கும் அறைவரை போயிருக்கிறது.
செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு தாள்:
"இந்த மணம் யாருடையது?"
பெயரில்லை.
அடிக்கோடு மட்டும் இரண்டு.

கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை
என்று தமிழில் முணுமுணுத்து
உடுப்பைத் திணித்தேன்.
எங்கள் முறை ஆறு மணிவரைதான்.

வியாழன் மணி அடித்தது.
மூன்றாம் மாடி லூத்தி.
மன்னிப்பை டொச்சில் அடுக்கி வைத்திருந்தேன்,
வினைச்சொல் கடைசியில் வரும்படி,
எங்கள் மொழியைப் போலவே.
அவரோ மூக்கை முன்னே நீட்டி
"கம்ஃபர்?" என்றார்.
வினைச்சொல் வாயோடு நின்றது.

கையில் மஞ்சள் தகரப்பேணி.
மூடியில் ஒரு மாடு,
பட்டிப்பொங்கலுக்குப் புறப்பட்டதுபோல்
தலையில் பூ, கழுத்தில் மணி.
மடி வீங்கினால் பூசுவதாம்.
தகப்பனின் தொழுவத்தில் பதினாறு மாடுகளாம்.
எல்லாம் விற்றுப்போன பிறகும்
களிம்பை மட்டும் வாங்குகிறார், முழங்காலுக்கு.
"மாட்டுக்கு ஆகுமென்றால் எனக்கு ஆகாதா?"
மூடியைத் திறந்தார்.
என் குசினி மணந்தது.

பழமொழியில்
மாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

தாளை எழுதியது அவரில்லையாம்.
எழுதியிருந்தால் பெயர் போட்டிருப்பாராம்.
ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன்,
காயத்தில் படாமல் பூசுங்கள் என்று.
பேணியை என் கையில் வைத்துவிட்டு
கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலேறினார்.

"ஆர் வந்தது?" பாயிலிருந்து கேதீஸ்.
சொன்னேன்.
சிரிப்பும் இருமலும் ஒன்றையொன்று முந்தின.
"பூசு. ராத்திரி ம்மா எண்டு கத்தினா
பயந்து போகாத."

அடுத்த செவ்வாய்,
தாள் அதே இடத்தில்.
கேள்விக்குக் கீழே பென்சிலில், நடுங்கும் எழுத்தில்:
"என்னுடையது. லூத்தி, மூன்றாம் மாடி."

பக்கத்தில் இடமிருந்தது.
பையைத் துழாவினேன்.
உடுப்புக் கவ்விகள், நாணயம் இரண்டு,
குழந்தையின் ஒற்றைக் காலுறை.
பேனை இல்லை.