சுக்கான்

ஒதுக்கீட்டுத் தாளில்
கணவன், மனைவி, பிள்ளைகள் இரண்டு என்று
நாலு கோடு இருந்தது.
ஐந்தாவது கோடு இல்லை.
எட்டாவது மாடி.
லிஃப்ட் ஓடுகிற நாளும் உண்டாம்.

சுக்கானுக்குப் பதினோரு வயது.
வால் இடப்பக்கம் கோணியிருப்பதால் அந்தப் பெயர்.
விசைப்படகில் போகும் என் வீட்டுக்காரர் வைத்தது.
பின்னங்கால்கள் இப்போதெல்லாம்
அதன் பேச்சைக் கேட்பதில்லை.
எழுந்து,
நின்று,
யோசித்து,
அப்புறம்தான் முதல் அடி.

மூன்று வாரம் கேட்டு அலைந்தேன்.
ஐஸ் கம்பெனியில், குட்டி இருந்தா குடு என்றார்கள்.
சலேத்மேரி, எங்க வூட்ல பூனை இருக்குதே என்றாள்.
அவள் வீட்டில் பூனை இருந்ததே இல்லை.
புதுவண்ணாரப்பேட்டை டீச்சர் ஒருத்தர்
போட்டோ அனுப்பச் சொன்னார்.
வாயோர நரை தெரியாதபடி
முகத்தைத் திருப்பிப் பிடித்து எடுத்தேன்.
பிறகு வெட்கமாகப் போய்
நரைத்த பக்கத்தையே அனுப்பினேன்.
நீலக் குறி இரண்டு விழுந்தது. அவ்வளவுதான்.

இங்கேயே வுட்டுட்டுப் போயேன், தெரு பாத்துக்கும்
என்றார்கள் காசிமேட்டில்.
தெருவைத்தான் இடிக்கிறார்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில்
எத்திராஜுலுவின் பஞ்சர் கடை.
"கடிக்குமா?"
"பல்லு நாலுதாங்க பாக்கி."
"குலைக்குமா?"
"மனசு வந்தா."
"அப்பறம் இன்னாத்துக்குமே எனக்கு?"
என்னிடம் பதில் இல்லை.
கயிறை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் காற்றடித்துக்கொண்டிருந்தவர்
பழைய லாரி டயர் ஒன்றை உருட்டிவந்து சாய்த்தார்.
உள்ளே சாக்கு விரித்தார்.
சுக்கான் முன்னங்கால்களை வைத்தது.
பின்னங்கால்கள் ஏறவில்லை.
அதற்குமேல் பார்க்க முடியாமல்
சாலையைப் பார்த்து நின்றேன்.
திரும்பியபோது அவர் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.
உள்ளே கம்பி ஓடும் டயர், லேசில் அறுபடாது.
அரைமணி நேரம் அறுத்து
ஒரு பக்கம் வாசல் விட்டார்.

"அதுக்கு இன்னா இன்னா வார்த்தை தெரியும்,
சொல்லிட்டுப் போ."

உக்காரு தெரியாது. நவுரு தெரியும்.
கவலை என்றால் அதற்கு
மீன் மட்டும்தான், வேறு அர்த்தம் கிடையாது.
அப்பா வந்தாச்சு என்று விளையாட்டுக்கும் சொல்லாதீங்க,
கடல் பக்கம் ஓடப் பார்க்கும், விழும்.
இன்னொன்று இருந்தது.
கருவாட்டுக் கூடையைக் கவிழ்த்துவிட்டு
தினம் ராத்திரி நான் சொல்வது.
அதை அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் எழுந்து என்னோடு வந்துவிடும்.

ராத்திரி மங்களூரிலிருந்து போன்.
விவரமெல்லாம் சொன்னேன்.
நெடுநேரம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.
"கயிறையும் குடுத்துட்டியா?"
"ம்."

பன்னிரண்டாம் நாள்
ரேஷன் கார்டு மாற்ற வந்தவள்
ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி
கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மறைந்து நின்றேன்,
கடன்காரி மாதிரி.
டயருக்குள் அது தெரிந்தது.
கழுத்தில் கயிறு இல்லை.
இளைத்திருக்கிறதா என்று பார்த்தேன்.
இளைத்திருக்கக் கூடாது என்றும்
கொஞ்சமாவது இளைத்திருக்க வேண்டும் என்றும்
ஒரே நேரத்தில் நினைத்தேன்.

எத்திராஜுலு விளக்கை அணைத்தார்.
கம்ப்ரசருக்குத் தார்ப்பாய் போர்த்தினார்.
கையைத் துடைத்துக்கொண்டே,
திரும்பிக்கூடப் பார்க்காமல்,
"வாடா, வூட்டுக்குப் போலாம்."

லாரிக்குப் பின்னால்
என் கால் ஒன்று தானாக நகர்ந்தது.

சுக்கான் எழுந்து,
நின்று,
யோசித்தது.
அந்த நேரம் பார்த்து ஒரு டேங்கர் குறுக்கே போனது.
போய் முடிந்தபோது
வால் இடப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது.
இரண்டு பேரும்
வலப்பக்கச் சந்தில் திரும்பினார்கள்.