கீழக்கரை வழி

பினாங்கிலிருந்து மேடானுக்கு
ஒரு ராத்திரிப் பயணம்.
வெங்காயம் ஏற்றினால் முளைவிடுமுன் போய்ச் சேரும்
என்பார் பெரிய காக்கா.

அறுபத்து மூணிலிருந்து
கடிதம் மட்டும் கீழக்கரை வழி.
மேடானில் சின்னக் காக்கா எழுதுவார்.
வங்கக் கடல் முழுக்கத் தாண்டி என் கைக்கு வரும்.
உறை மாற்றி, எச்சில் தொட்டு ஒட்டி
அதே கடலில் திருப்பி அனுப்புவேன், பினாங்குக்கு.

"தலையைச் சுற்றி மூக்கைத் தொடுறீங்களே"
என்றார் தபாலாபீஸ் ஞானப்பிரகாசம்.
"சண்டையாம்."
"யாருக்கும் யாருக்கும்?"
நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்து எண்ணூற்று இருபத்து நாலில்
லண்டனில் உட்கார்ந்து
இங்கிலீஷ்காரனும் ஒல்லாந்துக்காரனும்
மலாக்கா உனக்கு, பெங்கூலு எனக்கு என்று
மாட்டுச் சந்தையில்
துண்டுக்கடியில் விரல் பிடிப்பதுபோல்
பேசி முடித்தார்களாம்.
நீரிணை நடுவே கோடு.
அந்தக் கரையில் மாமன், இந்தக் கரையில் மருமகன்,
பேச்சு ஒரே மலாய்.
துண்டுக்கடியில் அவர்கள் விரல் ஒன்றுகூட இல்லை.
பேசியவர்கள் மூட்டை கட்டிய பிறகும்
கோடு அங்கேயே கிடந்தது,
பீரங்கிகள் வந்து குந்த.

அரபுத்தமிழில் எழுதினால்
சென்சார்காரனுக்குப் புரியாதென்று நினைத்தார்கள்.
எனக்குப் புரியுமென்பதை மறந்துவிட்டார்கள்.
"சேகு மதார் தொண்டர் படையில் சேர்ந்துட்டான்."
இது சின்னவர்.
அடுத்த வாரம் பெரியவர்:
"நம்ம சீனி நெய்னாவைக் கரைக்காவலுக்குக் கூப்பிட்டு
துப்பாக்கி குடுத்திருக்காங்க."
இரண்டு பயல்களுக்கும் ஒரே நாளில் சுன்னத்து,
எங்கள் முற்றத்துப் பந்தலில்.
ஒரே வெள்ளைத்துணியை இரண்டாகக் கிழித்துக் கட்டிவிட்டேன்.

தையல் கத்திரியை எடுத்தேன்.
அந்த வரியை மட்டும்.
வெட்டியது தெரியாமலிருக்க
மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்.
ஒருமுறை பேத்தி பிறந்த சேதியும் அதோடு போனது.
மூன்று வருஷம்.
கடிதம் ஏன் குட்டையாகிறதென்று
இருவருமே கேட்கவில்லை.
எலி என்று நினைத்தார்களோ,
சர்க்கார் என்று நினைத்தார்களோ.

பிறகு சமாதானம்.
ராத்திரிக் கப்பல் மறுபடி ஓடியது.
எனக்கு வரும் கடிதம் குறைந்தது.

எழுபத்து நாலில் ஒருநாள்
நம் கடலிலும் கோடு போட்டாச்சென்று
ரேடியோ சொன்னது.
பாம்பன்காரர்கள் வலையை உதறிக்கொண்டு
ஏதோ கேட்டார்கள்,
ரேடியோவுக்குக் காது இல்லை.

அன்றுதான் ஓவல்டின் டப்பாவைத் திறந்தேன்.
வெட்டிய வரிகள், சுருண்டு.
எது எந்தக் கரையிலிருந்து வந்ததென்று
கையெழுத்தை வைத்தும் பிரிக்க முடியவில்லை.
இருவருக்கும் எழுதப் பழக்கியது
ஒரே லெப்பை.